மலைக்குப் போன சேவலும் தூங்கப் போன சரோஜாவும்

கண்டக்டர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு என் மடியைப் பார்த்தார். மடியில் ஒரு ஒயர் கூடை. கூடைமேல் ஒரு துண்டு. துண்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கொண்டை.

"அது இன்னா சார், கோயிலுக்கா, கொழம்புக்கா?"

"கோயிலுக்கு."

"பொழச்சுது போங்க. கொழம்புக்குன்னா லக்கேஜ் போட்டிருப்பேன்."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சேவலும் ஏதோ சொன்னது. நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து ஏலகிரி மலையின் முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியது. என் ஜன்னல் பக்கம் சாலையைக் காணோம். மரங்களின் உச்சிதான் தெரிந்தது. மரத்தின் உச்சியைக் கீழே குனிந்து பார்ப்பது எங்கள் பக்கத்து ஆள் யாருக்கும் பழக்கமில்லாத காரியம். எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் ஏரிக்கரைதான்.

மலைப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் வண்டி கவிழாது என்று எனக்கு எப்படியோ தோன்றிவிட்டது. சாய்ந்தேன். நான் மட்டும் சாய்ந்தால் போதாதென்று, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த என் மனைவியையும் எழுப்பினேன்.

"சரோ, கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்கோ."

"ஏன்?"

"வண்டி அந்தப் பக்கம் சாயுது."

சரோஜா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அத்தினி பெரிய பஸ்ஸு, நீங்களும் நானும் சாஞ்சா நிக்கப்போவுதா? தூங்க வுடுங்க."

அடுத்த வளைவில் மறுபடி எழுப்பினேன். அதற்கடுத்த வளைவிலும். மலையேறி முடிவதற்குள் எத்தனை வளைவு என்று நான் எண்ணவில்லை. சரோஜா எண்ணியிருப்பாள். ஒவ்வொன்றுக்கும் அவளை எழுப்பினேன் அல்லவா.

நான் சைக்கிளோடு கால்வாயில் இறங்கியதைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "நீங்கள் பயப்படாத பொருள் ஏதாவது உலகத்தில் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஐயா. அகப்பட்டதும் எழுதுகிறேன்.

மூன்று ஷிப்ட், ஒரே சரோஜா

அந்தப் பயணத்தில் பயப்பட வேண்டியவன் நானே அல்ல. அது சரோஜாவுக்கான பயணம். அவள் தூங்க வேண்டும் என்பதற்காக மட்டுமே போன பயணம்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகள் ஒன்றிரண்டாக முளைக்க ஆரம்பித்திருந்த காலம் அது. மண்ணூருக்கு அருகே எங்கள் கிராமம். நேற்றுவரை ஏர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, "இன்னிக்கு ஓ.டி. கீது" என்று ஒரு தினுசாக நடக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். என் தம்பிகள் இரண்டு பேரும் வேறு வேறு கம்பெனியில்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். ஒரே வீட்டில் மூன்று சம்பளம்! உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும். ஒரே வீட்டில் மூன்று ஷிப்ட்.

நான் முதல் ஷிப்ட் போனால் பெரிய தம்பி இரண்டாவது ஷிப்ட், சின்னவன் நைட் ஷிப்ட். அடுத்த வாரம் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். விடியுமுன் ஒருவனுக்குக் கேரியர் கட்ட வேண்டும். அவன் போனதும் இன்னொருவன் வேலை முடிந்து வந்து, "அண்ணி, பசிக்குது" என்பான். அவனுக்குப் போட்டு நிமிர்ந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், வயலுக்குப் போகும் என் அப்பா. மதியம் இரண்டாவது ஷிப்டுக்காரனுக்குச் சோறு. அவன் நடுராத்திரி வந்து கதவைத் தட்டும்போது மறுபடி சோறு. கம்பெனியில் யாருக்கும் ஒரு ஷிப்டுக்கு மேல் கிடையாது. எங்கள் வீட்டில் மூன்றையும் பார்த்தது ஒரே ஆள். கூடுதல் நேரத்துக்கு ஓ.டி. காசு கிடையாது. வார விடுமுறையும் கிடையாது.

சரோஜா புகார் சொல்லும் ஜாதி இல்லை. அதனால் எனக்குத் தெரியவில்லை. தெரியவைத்தது டிபன் கேரியர்தான்.

ஒருநாள் கேன்டீனில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தேன். முதல் அடுக்கில் களைந்த அரிசி, தண்ணீரோடு. இரண்டாவது அடுக்கில் களைந்த அரிசி. மூன்றாவதிலும் அதுவே. என் லைனில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். "இன்னாப்பா, கேன்டீன் அடுப்புல நீயே வடிச்சுக்கணுமா?" என்று கேட்டார் சூப்பர்வைசர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சரோஜா சிரிக்கவில்லை. "சோறு கட்டினதா நெனப்பு கீது. கனவு போல" என்றாள். அடுத்த வாரம் குழாயடியில் குடம் நிரம்பி வழிய, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தவளை யாரோ பிடித்துக் கூட்டிவந்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் அவள் கண்ணை விரித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவங்களுக்கு வியாதி ஒண்ணும் இல்ல. தூக்கம் இல்ல. இப்படியே விட்டா ஒருநாள் அடுப்பு மேலயோ கிணத்துலயோ விழுவாங்க."

"மாத்திரை குடுங்க சார்."

"மாத்திரை எதுக்கு? ரெண்டு நாள் எங்கயாவது அமைதியான ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க. நல்லாத் தூங்கட்டும். ஒண்ணே ஒண்ணு. அந்த ஊர்ல உங்க சொந்தக்காரங்க இருக்கக் கூடாது."

சொந்தக்காரர் இல்லாத ஊர்

சுலபமாகச் சொல்லிவிட்டார். தேடிப் பார்த்தவனுக்கல்லவா தெரியும்!

மணிமங்கலம் சரோஜா பிறந்த ஊர். அங்கே போனால் அவள் அம்மா அழுவாள். அம்மாவைத் தேற்றவே ஒரு வாரம் ஆகும். படப்பையில் என் அக்கா. போன உடனே முறுக்குச் சுற்ற உட்கார வைத்துவிடுவாள். காஞ்சிபுரத்தில் பெரியப்பா வீடு, வாலாஜாபாத்தில் சித்தி, சுங்குவார்சத்திரத்தில் பங்காளிகள் ஒரு தெருவே. எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் பெண் கொடுத்து, பெண் எடுத்து, சமதரை முழுவதையும் வளைத்துப் போட்டிருந்தார்கள்.

மலைமேல் மட்டும் யாரும் இல்லை. அப்படித்தான் ஏலகிரி முடிவாயிற்று. லைனில் ஒருவன் போய்வந்திருந்தான். "ஒண்ணுமே இல்லப்பா அங்க. ஒரு சினிமா கொட்டாகூட இல்ல. சுத்த போர்" என்றான். நான் அன்றே லீவு சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளையும் தம்பிகளையும் பார்த்துக்கொள்ள மாமியாரை வரவழைத்தோம். எல்லாம் சரியாக நடந்தது. ஊரில் என்ன காரணம் சொல்வது என்பதை மட்டும் நான் யோசித்து வைக்கவில்லை.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஒருவன் வெளியூர் போவதென்றால் நான்கு காரணம்தான்: கல்யாணம், சாவு, கோர்ட், கோயில். சும்மா போவது என்று ஒன்று கிடையவே கிடையாது. "டாக்டர் மலைக்காத்து வாங்கச் சொன்னார்" என்று சொன்னால் தீர்ந்தது. சரோஜாவுக்குக் காசநோய், தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று பொழுது சாய்வதற்குள் முடிவு கட்டி, எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். "நானும் என் பெண்டாட்டியும் தனியாகப் போய் இரண்டு நாள் இருக்கப் போகிறோம்" என்றால் அது இன்னும் மோசம். இரண்டு பிள்ளை பெற்றவன் எந்த முகத்தோடு அதைச் சொல்வான்?

ஆகவே "மலைக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னேன். வேகமாகச் சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்குள் போய்விட்டேன்.

அஞ்சலை அக்காவின் வேண்டுதல்

எங்கள் பக்கத்தில் மலை என்றால் முருகன். வேறு எதற்காகவும் மனிதன் மலையேறுவான் என்று யாருக்கும் தோன்றாது. கிளம்புகிற அன்று காலை பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா ஒரு ஒயர் கூடையோடு வாசலில் நின்றாள்.

"தம்பி, மலைக்குப் போறீங்களாமே. இத்தயும் முருகனுக்கு வுட்டுட்டு வந்துடு."

கூடைக்குள் சேவல். நல்ல வாட்டசாட்டமான ஆள்.

"எங்க வூட்டுக்காரரு கம்பெனில பர்மனென்ட் ஆனா சேவல் வுடறேன்னு வேண்டிக்கினேன். ஆயி ஆறு மாசமாவுது. சேவலும் வளந்துகினே போவுது. அதைப் பாக்கறப்பல்லாம் எனக்குப் பயமா கீது."

அஞ்சலை அக்காவின் புருஷன் முனுசாமிக்கும் என் பிரஸ் ஷாப்பில்தான் வேலை. அவனைப் பர்மனென்ட் ஆக்கிய முருகன் லேசுப்பட்டவர் இல்லை. இருந்தாலும் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன்.

"அக்கா, வல்லக்கோட்டை முருகன் தோ இங்கியே கீறாரே. சைக்கிள்ல போய் வுட்டுட்டு வந்துடலாமே?"

"அவரு தரையில கீறாரு தம்பி. நான் மலைமேல கீறவருக்கு இல்ல வேண்டிக்கினேன்."

"அப்ப திருத்தணி?"

"திருத்தணிக்கு யாரு போறா? நீ தான மலைக்குப் போறே!"

கை தானாக நீண்டு கூடையை வாங்கிக்கொண்டது. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு சரோஜா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏலகிரில முருகன் கோயில் கீதா?"

எனக்கு எப்படித் தெரியும்?

சத்தமே இல்லாத ஊர்

மலைமேல் ஓட்டு வீடு ஒன்றில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொள்ள மாரி என்று ஒரு பெரியவர். கூடையைக் கண்டதும் கையைக் குறுக்கே நீட்டினார்.

"கோழியெல்லாம் ரூமுக்குள்ள கூடாதுங்க."

"இது கோழி இல்லீங்க. நேர்த்திக்கடன்."

அவர் கையை எடுத்துவிட்டார். சேவலைக் குளியலறையில் கட்டினேன்.

சரோஜா அறையைச் சுற்றிப் பார்த்தாள். இரும்புக் கட்டில், சலவை மணம் வீசும் விரிப்பு, ஜன்னலுக்கு வெளியே தைல மரங்கள், அவற்றுக்கு நடுவே புகைபோல் ஏதோ. "அது இன்னா, யாருனா அடுப்பு மூட்டறாங்களா?" என்று கேட்டாள். பனிமூட்டம் என்றேன். "அப்ப சரி" என்று படுத்தாள். அடுப்பாக இருந்திருந்தால் எழுந்து போயிருப்பாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். காவல் காக்க.

பிரஸ் ஷாப்பில் வருஷக்கணக்காக நிற்கிறவனின் காதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் டமார் டமார் என்று தகடு விழ வேண்டும். வீட்டில் இருந்தாலும் காதுக்குள் விழுந்துகொண்டே இருக்கும். அந்த அறையில் எதுவும் விழவில்லை. வெளியிலும் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தேன். காதைக் குடைந்துகொண்டு கேட்டேன். எனக்கு வியர்த்துவிட்டது.

"சரோ."

"ம்."

"உனக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?"

"இல்ல."

"எனக்கும் கேக்கல. காது போயிடுச்சின்னு நெனைக்கிறேன்."

"நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப காது கீது. வுடுங்க."

விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் அசையாமல் கிடந்தாள். மிகவும் அசையாமல். கிணறு, அடுப்பு என்று டாக்டர் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். அவள் தும்மினாள், எழுந்தாள்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. தூங்கறியான்னு பாத்தேன்."

பிறகு டீ வேண்டுமா என்று கேட்க ஒருமுறை. சுவரில் பல்லி, அதன் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒருமுறை. குளிர்கிறதா என்று கேட்க ஒருமுறை. கேட்டதால் போர்வை விலகிக் குளிர் புகுந்துவிட்டது. நடுவில் மாரி வந்து கதவைத் தட்டினார், சேவலுக்குக் கம்பு கொண்டுவந்தார். "சத்தம் போடாதீங்க, தூங்கறாங்க" என்று நான் போட்ட சத்தத்தில் சரோஜா மறுபடி விழித்தாள்.

மறுநாள் விடிவதற்கு வெகு முன்னாலேயே அவள் தானாக எழுந்து உட்கார்ந்தாள். முதல் ஷிப்ட் நேரம். கண் மூடியே இருந்தது. கை மட்டும் சுவரோரமாக எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"இன்னா தேடறே?"

"அடுப்பு எங்க கீது?"

"அடுப்பு இல்ல சரோ. மலைக்கு வந்து கீறோம். படு."

"நெருப்புப் பெட்டி?"

அந்தக் கேள்வி எனக்கு வேறு மாதிரிப் பட்டது. அதுவரை இந்தப் பயணத்தில் நான் பட்ட பயமெல்லாம் விளையாட்டு. இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை மெல்ல அடங்கியது. தலை சாய்ந்தது. கண்ணிமை அசையாமல் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

அந்த நொடியில் குளியலறையில் நேர்த்திக்கடன் கூவியது.

மெதுவா வாங்க

பொழுது விடிந்ததும் சரோஜா தலையை முடிந்துகொண்டு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அந்த உட்காரும் விதத்தை நான் அறிவேன். சம்பள நாளில் தம்பிகளிடம் பேசும்போது அப்படித்தான் உட்காருவாள்.

"தோ பாருங்க. நாளைக்கு ஊருக்குப் போயிடுவோம். எனக்கு இன்னைக்கு ஒருநாள்தான் கீது. அந்தச் சேவலைத் தூக்கினு போயி, முருகனைத் தேடிப் புடிச்சு, வுட்டுட்டு வாங்க."

"நீ தனியா எப்படி?"

"மெதுவா வாங்க" என்றாள்.

மாரியிடம் விசாரித்தேன். ஊரைத் தாண்டி, முகட்டுக்கு அப்பால் ஒரு சின்ன முருகன் கோயில் இருக்கிறதாம். ஒற்றையடிப் பாதை.

"கரடி ஏதாவது உண்டா?"

"இப்ப சீசன் இல்லீங்க."

"கரடிக்கா?"

"பலாவுக்கு. பழம் பழுத்தாத்தான் அது வரும்."

வழியெல்லாம் நான் பலாமரமாகப் பார்த்துக்கொண்டே போனேன், எதிலாவது முன்கூட்டியே பழுத்துவிட்டதா என்று. ஈரமண் வழுக்கியது. மூச்சு வாங்கியது. சேவல் மட்டும் கூடையிலிருந்து தலையை நீட்டி, மாப்பிள்ளை ஊர்வலம் போல இருபுறமும் பார்த்துக்கொண்டு வந்தது. உலகத்தில் ஓய்வெடுக்க மலைக்குப் போனவர்களில், அடுத்த வீட்டுச் சேவலைச் சுமந்துகொண்டு காட்டில் ஓடியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று அதனிடமே சொன்னேன். அது மறுக்கவில்லை.

கோயில் பூட்டியிருந்தது. கீழே ஒருவர் உழுதுகொண்டிருந்தார். அவர்தான் பூசாரி. இரு என்று கையைக் காட்டிவிட்டு மீதி நிலத்தையும் உழுது முடித்தார். கலப்பையைக் கழுவினார், காளைகளுக்குத் தண்ணீர் காட்டினார், குளித்தார். அதற்குள் நான் கோயிலை எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்பது முருகனுக்குத்தான் தெரியும்.

"யார் பேருக்கு வேண்டுதல்?"

"அஞ்சலை."

"உங்க சம்சாரமா?"

"பக்கத்து வூடு."

அவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பக்கத்து வீட்டுப் பொம்பளை வேண்டுதலுக்கு இவ்வளவு தூரமா? உங்க சம்சாரம் எங்க?"

"ரூம்ல தூங்கறாங்க. தூங்கணும்."

"அவங்க பேருக்கு ஒண்ணும் வேண்டிக்கலையா?"

நான் வாயைத் திறந்தேன். என் வேலை, பிள்ளைகள் படிப்பு, தம்பிகளுக்குப் பெண் என்று எனக்கு ஆயிரம் வேண்டுதல் உண்டு. சரோஜாவுக்கென்று ஒன்றுமே நாக்கில் வரவில்லை. "தூக்கம்" என்றேன் கடைசியில். பூசாரி சிரிக்கவில்லை. "பேரு?" என்று கேட்டுக் கற்பூரத்தை ஏற்றினார்.

கட்டை அவிழ்த்ததும் சேவல் இறக்கையை உதறிக்கொண்டு பூசாரியின் கோழிகளிடம் போயிற்று. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கதவுக்கு வெளியே

பாதி வழி வந்ததும் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. காலையில் போனவன் இன்னும் வரவில்லை. சரோஜா என்ன நினைப்பாள்? கரடி அடித்துவிட்டது என்று மாரியைத் தேட அனுப்பியிருப்பாள். வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். இருந்த ஒருநாளும் என்னால் போயிற்று! ஓடினேன். வழுக்கி விழுந்தேன். வேட்டி கிழிந்தது. எழுந்து மறுபடி ஓடினேன்.

வாசலில் யாரும் அழவில்லை. மாரி திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"என் சம்சாரம் என்னைத் தேடினாங்களா?"

"இல்லீங்களே. நீங்க போனதும் கதவைச் சாத்தினாங்க. அப்புறம் சத்தமே இல்ல."

"சாப்பிட?"

"கேக்கவே இல்லீங்க."

சத்தமே இல்லையாமே! கதவருகே ஓடிப் போய்த் தட்டுவதற்குக் கையை ஓங்கினேன்.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. மெல்லியதாக, ஒரே சீராக. எனக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. சரோஜா குறட்டை விடுகிறாள். இத்தனை வருஷத்தில் அவள் குறட்டையை நான் கேட்டதே கிடையாது. குறட்டை விடும் அளவுக்கு அவள் தூங்கியதில்லை.

ஓங்கிய கை அப்படியே நின்றது. இறக்கினால் கதவு வளையத்தில் இடிபட்டுச் சத்தம் வருமோ என்று பயம். மெல்ல மெல்ல இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். படியில் உட்கார்ந்தேன். பசி. முழங்காலில் ரத்தம். தும்மல் வந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டேன். மாரி டீ கொண்டுவந்து வாயைத் திறக்கப் போனார். நான் விழித்த விழிப்பில் டம்ளரை வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சரோஜா நின்றாள். வழக்கமாக அவளுக்கு ஒரு கண்தான் முதலில் திறக்கும், மற்றது வேலை செய்யச் செய்யத்தான் திறக்கும். அன்று இரண்டும் ஒரே அளவில் திறந்திருந்தன.

"எப்ப வந்தீங்க?"

"ரொம்ப நேரமாச்சு. சேவல் போயிடுச்சு, அதான் நல்லாத் தூங்கிட்டே."

அவள் என் கிழிந்த வேட்டியைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொல்லியேவிட்டாள்.

"சேவலு ஒரு வாட்டிதாங்க கூவிச்சு."

குழாயடி மாநாடு

ஊர் திரும்பிய மறுநாள் குழாயடியில் தெருவே கூடியிருந்தது. அஞ்சலை அக்காவுக்குத் திருநீறு கொடுத்தாயிற்று, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தரிசனம் நல்லா ஆச்சா?" என்று எல்லோரும் சரோஜாவைக் கேட்டார்கள். சமாளித்துச் சொல் என்று பின்னாலிருந்து நான் காட்டிய ஜாடையெல்லாம் வீண்.

"நான் கோயிலுக்கே போவலக்கா. தூங்கினேன்."

"தூங்கினியா?"

"காலைல படுத்து சாயங்காலம் எழுந்தேன்."

ஒரு குடம் நிரம்பி வழிந்தது. யாரும் எடுக்கவில்லை. அந்தத் தெருவில் பாதி வீடு கம்பெனிக்குப் போகிறவர்கள் வீடு. அத்தனையிலும் ஷிப்ட் உண்டு.

"நடுவுல ஒருத்தரும் எழுப்பலையா?" என்றாள் அஞ்சலை அக்கா.

"எழுப்பல."

"சோறு கேட்டு?"

"கேக்கல."

"அப்ப உன் வூட்டுக்காரரு எங்க போனாரு?"

"உங்க சேவலைத் தூக்கினு மலையேறினாரு."

எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கோபமும் இல்லை, கேலியும் இல்லை. ஏதோ கணக்குப் போடுகிற பார்வை. எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த கிருத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நைட் ஷிப்ட் முடிந்து, கண் எரிய சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பஸ் நிறுத்தத்தில் எங்கள் தெரு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு கூடை, கூடைக்கொரு சேவல். என் தம்பிகளும் நின்றார்கள். முனுசாமி முன்னால் வந்தான்.

"இன்னா முனுசாமி, எல்லாரும் எங்க?"

"மலைக்குத்தான். அஞ்சலை வேண்டிக்கினாளாம்."

"இன்னா வேண்டுதல்?"

"கேட்டா சாமி விஷயம், வெளிய சொல்லக் கூடாதுன்றா. மெதுவா வா, அவசரமே இல்லன்னா. அத்த மட்டும் நாலு வாட்டி சொன்னா. நீதான் ஏதோ சொல்லிக் குடுத்துகிறே!"

சத்தியமாக இல்லை என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

தெருவுக்குள் நுழைந்ததும் எனக்குப் பகீரென்றது. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. குழாயடியில் ஒரு குடம் இல்லை. எங்கும் புகை இல்லை, பேச்சுக் குரல் இல்லை. ஏதாவது சாவா? சாவென்றால் அழுகை கேட்குமே. கம்பெனியிலிருந்து ஏதாவது விஷப்புகை வந்து ஊரே காலி செய்துவிட்டதா? சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி, எங்கள் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் படபடவென்று தட்டினேன்.

கதவு விரல் அகலத்துக்குத் திறந்தது. சரோஜாவின் ஒரு கண் தெரிந்தது.

"ஷ்ஷ்! இன்னா சத்தம்? அஞ்சலை அக்கா இப்பத்தான் கண்ணசந்தாங்க."

"நம்ம வூட்லயா?"

"அவங்க வூட்டுலதான். செவுத்துக்கு அந்தாண்ட கேக்காதா?" என்றாள் ரகசியக் குரலில். "தெருவே தூங்குதுங்க."

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் தூக்கம் வந்தது. "சரி, கதவைத் திற சரோ. ராத்திரி முழுக்க வேலை. நானும் கொஞ்சம் தூங்கறேன்."

சரோஜா என்னை இரக்கத்தோடுதான் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்து அந்த இடுக்கு வழியாக ஒரு துண்டையும், மடித்த சட்டை ஒன்றையும் நீட்டினாள்.

"பஸ்ஸு இன்னும் போயிருக்காது. மலைல போய்த் தூங்குங்க. நல்ல அமைதியான எடம்."